ஓப்பன் மைக் மாலை: நேரம் இழுக்கிறது, மைக் கூவுகிறது, தன்னார்வலர்களில் பாதிப்பேர் வருவதில்லை

கேள்வி: மன்றச் செயலர்

வணக்கம். எங்கள் பல்கலைக்கழக மாணவர் மன்றத்தில் மாதம் ஒரு ஓப்பன் மைக் மாலை நடத்துகிறோம். பாட்டு, கவிதை, ஸ்டாண்ட்-அப், கிட்டார் எல்லாம் உண்டு. கூடத்தில் 120 நாற்காலி. 6 மணிக்குக் கூடம் கைக்கு வரும், 7 மணிக்கு நிகழ்ச்சி, 9.30-க்குப் பூட்டிச் சாவியைக் கொடுத்தாக வேண்டும்.

கையில் இருப்பவை: 8 சேனல் மிக்ஸர், ஸ்டாண்டோடு 2 பவர்டு ஸ்பீக்கர், பாடுபவருக்கே கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர் 1, வயர் மைக் 4, வயர்லெஸ் மைக் 2.

மூன்று சிக்கல். 16 பேருக்கு ஆளுக்கு 5 நிமிடம் என்று போட்டாலும் கடைசி மூன்று நான்கு பேர் மேடையேறாமலே திரும்பிப் போகிறார்கள். மெதுவாகப் பாடுகிறவர் வந்தால் மைக் கூவ ஆரம்பிக்கிறது. சத்தத்தைக் குறைத்தால் பின்வரிசைக்குக் கேட்பதில்லை. தன்னார்வலர் பட்டியலில் 14 பெயர் இருக்கும், வருவது ஏழெட்டுப் பேர்.

அடுத்த நிகழ்ச்சிக்குள் எதை முதலில் சரிசெய்வது?

பதில்: நிரல்காரர்

முதலில் நேரம். அது சரியானால் மற்ற இரண்டும் பாதி அடங்கும்.

உங்கள் கணக்கு காகிதத்தில் இடிக்காது. 16 பேருக்கு 80 நிமிடம், இடையில் 15 மாற்றங்களுக்கு மும்மூன்று நிமிடம் என்றால் 45, இடைவேளை 15, தொடக்கம் 5. மொத்தம் 145. ஆனால் இதில் பிசகுக்கு இடமே இல்லை, மேடையைக் கலைக்கும் நேரமும் இல்லை. 12 பேராகக் குறையுங்கள். ஆளுக்கு 6 நிமிடம், மாற்றத்துக்கு 2 நிமிடம். இடைவேளையும் தொடக்கமும் சேர்த்து 114 நிமிடம். 7.10-க்குத் தொடங்கினால் 9.05-க்கு முன்பே முடியும். 25 நிமிடம் கலைத்து அடுக்க. பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்து மேடையேறாமல் போவதைவிட, "இந்த மாதம் இடம் முடிந்தது, அடுத்த மாதம் முதல் இடம் உங்களுக்கு" என்று முன்பே சொல்லிவிடுவதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

நேரம் உண்மையில் கசிவது பாட்டிலோ கவிதையிலோ இல்லை, ஆள் மாறும்போதுதான். அதற்கு ஒரு வழி: மேடையில் இரண்டு இடம் வையுங்கள். நடுவில் கிட்டார், நாற்காலி, இரண்டு மைக். ஓரத்தில் ஒரே ஒரு ஸ்டாண்ட் மைக். கவிதை, ஸ்டாண்ட்-அப் எல்லாம் ஓரத்தில். அங்கே ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் அடுத்த பாட்டுக்கான ஏற்பாடு சத்தமில்லாமல் முடிந்துவிடும். வரிசையை நடு, ஓரம், நடு, ஓரம் என்று பின்னினால் இரண்டு நிமிட மாற்றம் அரை நிமிடமாகிவிடும். கிட்டார்காரர்கள் இருவர் அடுத்தடுத்து வந்தே தீர வேண்டுமென்றால் இருவருக்கும் ஒரே கேபிள், ஒரே உயரம்.

எட்டு இடத்தை முன்பதிவுக்குக் கொடுங்கள், நான்கை அன்றைக்கு வாசலில் கொடுங்கள். முன்பதிவு செய்தவர் 6.40-க்குள் மேசையில் வந்து சொல்லாவிட்டால் அந்த இடம் காத்திருப்போருக்குப் போகும். இதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள், அங்கே நின்று வாதாட வேண்டியிருக்காது.

நேரம் பார்ப்பவர் முதல் வரிசையில் உட்காரட்டும். 5 நிமிடத்தில் மொபைல் திரையில் மஞ்சள், 6-இல் சிவப்பு. அரை நிமிடம் கழித்தும் தொடர்ந்தால் தொகுப்பாளர் கைதட்டிக்கொண்டே மேடையேற வேண்டும். யாராக இருந்தாலும் இதே விதி. மன்ற நிர்வாகியின் நண்பருக்கு ஒரு தடவை விட்டுக்கொடுத்தால், அதன்பின் யாருக்கும் சொல்ல முடியாது.

பதில்: ஒலிமேசை

மைக் கூவுறதுக்கு வர்றேன். இதுல மைக் தரத்தைவிட அது வாய்க்கு எவ்வளவு தூரத்துல இருக்குங்கிறதுதான் பெரிசு. தூரம் இரட்டிச்சா மைக்ல விழுற குரல் 6 டெசிபல் குறையும். 5 செ.மீ.ல பாட வேண்டியவங்க கூச்சத்துல 30 செ.மீ. தள்ளிப் பிடிச்சா கிட்டத்தட்ட 15 டெசிபல் போச்சு. அதை மிக்ஸர்ல ஏத்தி ஈடுகட்டப் பார்த்தா ஸ்பீக்கர்ல இருந்து வர்ற சத்தமும் சேர்ந்து மைக்குக்குள்ள போகும், அங்கேதான் கூவல் ஆரம்பிக்குது. முதல்முறை மேடையேறுறவங்க அந்தச் சத்தத்துல மிரண்டு இன்னும் பின்னால போவாங்க. அதனால மேடை ஓரத்துல நிக்கிற தன்னார்வலரோட முக்கியமான வேலையே இது: மைக்கைக் கையில கொடுக்கும்போது "உதட்டுல இருந்து மூணு விரல் தூரம், அங்கேயே வச்சுக்கோங்க"ன்னு சொல்லிக் காட்டணும். வயர்லெஸ் மைக்கோட வலைத்தலையை உள்ளங்கையால பொத்திப் பிடிக்கக்கூடாது. பொத்தினா பின்பக்கச் சத்தத்தைத் தள்ளிவிடுற குணம் போயிடும், எல்லாப் பக்கமும் கேக்க ஆரம்பிச்சிடும்.

அடுத்து, திறந்திருக்கிற மைக் எண்ணிக்கை. அது இரட்டிக்கும்போதெல்லாம் கூவாம ஏத்தக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். ஒருத்தர் பாடும்போது நாலு மைக் திறந்து கிடந்தா 6 டெசிபலைச் சும்மா கோட்டை விடுறீங்க. பாடுறவரோட மைக் தவிர மத்ததெல்லாம் மியூட்.

இடம்: ரெண்டு ஸ்பீக்கரும் மைக் இருக்கிற கோட்டுக்கு முன்னால, கூட்டத்தைப் பார்த்து, குறைஞ்சது ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்கணும். உட்கார்ந்தவங்க தலைக்கு மேல வர்ற உயரத்துக்கு ஸ்டாண்டை ஏத்தினா பின்வரிசைக்கு நேராப் போகும், முன்வரிசைக் காதும் தப்பிக்கும். மானிட்டரை வைக்கிறதுக்கு முன்னால உங்க மைக் எந்த வகைன்னு பாருங்க. கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தையே அதிகமா எடுக்கிற வகை) மைக்குக்கு நேர் பின்னால மானிட்டரை வச்சா அதோட சத்தம் மைக்ல மிகக் குறைவா விழும். சூப்பர்கார்டியாய்டுன்னா (முன்பக்கத்தை இன்னும் குறுகலா எடுக்கிற வகை) நேர் பின்னால இருந்து வர்றதும் மைக்ல கொஞ்சம் விழும். பின்னால இருந்து சற்று ஓரமா, மைக் பார்க்கிற திசைக்குச் சுமார் 125 டிகிரியில வைக்கணும். ரெண்டையும் ஒரே மாதிரி வச்சிட்டு மைக் சரியில்லைன்னு சொல்றவங்க நிறைய.

மிக்ஸர்ல: பாட்டு, பேச்சு சேனல் எல்லாத்துலயும் லோ கட் பட்டனை அழுத்திடுங்க, 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குரலுக்கு வேலை இல்லை. ஃபேடரை (சேனல் சத்தத்தை மேலும் கீழும் நகர்த்துற பட்டையை) 0 கோட்டுல வச்சு, பாடுறவரை இருக்கிறதிலேயே சத்தமான வரியைப் பாடச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாத அளவு வரைக்கும் சேனலோட உச்சியில இருக்கிற கெயின் குமிழைத் திருகுங்க. ஆள் வர்றதுக்கு முன்னால, 6.15 வாக்குல, ஒரு மைக்கை மட்டும் திறந்து மெதுவா ஏத்திட்டே போங்க. "ஊ"ன்னு முனகினா பெரும்பாலும் 250-500 ஹெர்ட்ஸ் பக்கம், "கீ"ன்னு விசிலடிச்சா 2000-க்கு மேல. மிட் குமிழ்ல அந்த இடத்தைத் தேடி 3 டெசிபல், தேவைப்பட்டா 6 டெசிபல் இறக்குங்க. ரெண்டு மூணு இடத்துக்கு மேல இறக்க வேண்டியிருந்தா பிரச்சினை ஸ்பீக்கர் வச்ச இடத்துல. குமிழை விட்டுட்டு ஸ்பீக்கரை நகர்த்துங்க.

வயர்லெஸ் மைக்குக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது பேட்டரி. கழட்டினது பழசுன்னு குறிச்சு வேற டப்பாவுல போடுங்க.

மன்றச் செயலர்

மிக்க நன்றி. இன்னும் இரண்டு: கிட்டாரைச் செருகினால் "ம்ம்ம்" என்று இரைச்சல் வருகிறது. மொபைலில் இருந்து கரோக்கி போட்டால் சில பாட்டுகளில் நடுவில் இருக்கும் இசையே காணாமல் போகிறது, எக்கோ மட்டும் கேட்கிறது. மொபைல் கேபிள் ஒரு முனை 3.5 மி.மீ., மறுமுனை எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளில் இருக்கும் மூன்று பின் முனை).

ஒலிமேசை

கேபிள்தான் காரணம். மொபைல்ல இருந்து வர்றது இடது, வலதுன்னு ரெண்டு சேனல். எக்ஸ்எல்ஆர் மைக் சாக்கெட் அதை ஒரே சேனலோட ரெண்டு முனையா எடுத்துக்கிட்டு ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் கழிச்சிடும். ரெண்டு பக்கமும் பொதுவா இருக்கிற குரல், டிரம்ஸ், பேஸ் எல்லாம் அடிபட்டுப் போயிடும். 3.5 மி.மீ.ல இருந்து ரெண்டா பிரியற கேபிள் வாங்கி ரெண்டு லைன் சேனல்ல செருகுங்க, சரியாயிடும். பாட்டுகளை முதல் நாளே கோப்பா வாங்கி, வரிசை எண் போட்டு ஒரே லேப்டாப்ல வச்சிட்டா இன்னும் நல்லது. நடுப்பாட்டுல விளம்பரம் வராது, போன் மணியும் அடிக்காது.

கிட்டாருக்கு டி.ஐ. பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மைக் கேபிள்ல போற மாதிரி மாத்தித் தர்ற சின்னப் பெட்டி) ஒண்ணு வேணும். கிட்டார்ல இருந்து பாக்ஸுக்கு 3 மீட்டர், அங்கிருந்து மிக்ஸர் வரைக்கும் எக்ஸ்எல்ஆர் கேபிள். சாதாரணக் கிட்டார் கேபிளை ஆறு மீட்டருக்கு மேல இழுத்தா இரைச்சலும் சேர்ந்து வரும். இரைச்சல் அப்பவும் போகலைன்னா பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைப் (சிக்னல் கேபிளோட கிரவுண்ட் இணைப்பை மட்டும் துண்டிக்கிறது) போட்டுப் பாருங்க, மிக்ஸரையும் ஸ்பீக்கரையும் ஒரே மின்சுற்றுல இருந்து எடுங்க. பிளக்ல இருக்கிற எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்காதீங்க, அது உயிர் போற விஷயம். செருகும்போதும் உருவும்போதும் சேனல் மியூட்ல இருக்கணும். இன்னொண்ணு, பேட்டரியில ஓடுற பிக்கப் (தந்தி அதிர்வை சிக்னலா மாத்துற கருவி) உள்ள கிட்டார்ல கேபிள் செருகியிருக்கிற வரைக்கும் உள்ளே பேட்டரி ஓடிட்டே இருக்கும். சாயங்காலமே செருகிவிட்டா பழைய பேட்டரி மேடையேறும்போது செத்துப்போயிருக்கலாம்.

பதில்: கைகொடுப்போம்

தன்னார்வலர் விஷயத்துக்கு யாரும் வரவில்லையே. 14-இல் 7 பேர் வராததற்குச் சோம்பல் காரணமாக இருப்பது அரிது. என்ன வேலை, எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று தெரியாத இடத்துக்கு வர யாருக்கும் தயக்கம் இருக்கும். போன தடவை வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனவர் இந்தத் தடவை வரவே மாட்டார்.

"தன்னார்வலர்கள் தேவை" என்று போடாதீர்கள். வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: மேடை 2, ஒலி 2, வாசல் 2, பதிவு மேசை 1, நேரம் 1, தொகுப்பு 1, எங்கே தேவையோ அங்கே போக 1. மொத்தம் 10. பெயர் 13 பேரிடம் வாங்குங்கள், கூடுதல் மூவரிடமும் "நீங்கள் மாற்று ஆள்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மூன்று நாள் முன்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி. குழுவில் பொதுவாகப் போட்டால் பதில் வராது. முதல் நாள் மாலை வரை பதில் சொல்லாதவரை ஒருமுறை அழைத்துவிட்டு, எடுக்காவிட்டால் மாற்று ஆளுக்குக் கொடுத்துவிடலாம்.

வாசல், மேடை போன்றவற்றை இரண்டு ஷிஃப்டாகப் பிரிக்க முடிந்தால் பிரியுங்கள்: 6 முதல் 8, 7.45 முதல் 9.30. நடுவில் கால் மணி நேரம் இருவரும் சேர்ந்து நின்றால்தான் வேலை கைமாறும். பாதி நிகழ்ச்சியையாவது உட்கார்ந்து ரசிக்க முடிந்தவர் அடுத்த மாதமும் வருவார். ஆனால் இதற்கு ஆள் கூடுதலாக வேண்டும், தொடக்கத்தில் வாசலுக்கு மட்டும் செய்தால் போதும்.

ஒவ்வொரு வேலைக்கும் உள்ளங்கை அளவு அட்டை ஒன்று எழுதிக் கொடுங்கள். வாசல் அட்டை இப்படி: "6.30-க்குக் கதவு திற. உள்ளே வருபவரை ஒருவர் எண்ணு, வெளியே போகிறவரை மற்றவர் எண்ணு. பாட்டு நடக்கும்போது உள்ளே விடாதே, கைதட்டலில் விடு. 120 ஆனதும் நிறுத்து, செயலரிடம் சொல். கதவுமுன் யாரும் நிற்கக்கூடாது." புதியவர் இதை வைத்துக்கொண்டு யாரையும் கேட்காமல் வேலை செய்வார்.

ஒலிக்கு வருபவர்களுக்கு நிகழ்ச்சி இல்லாத நாளில் காலிக் கூடத்தில் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுங்கள். கேபிள் சுருட்டுவதிலிருந்து தொடங்கலாம்; முழங்கையில் சுற்றினால் உள்ளே கம்பி முறுக்கி உடைகிறது. சான்றிதழுக்கான மணிக்கணக்கை அன்றிரவே தாளில் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். பருவ முடிவில் நினைவிலிருந்து எழுதும்போது அமைதியாக உழைத்தவர்களின் பெயர்தான் விடுபடும், அது பெரிய அநியாயம்.

பதில்: நிரல்காரர்

வாசல் எண்ணிக்கை பற்றி ஒரு திருத்தம். கூடத்தின் அனுமதிக்கப்பட்ட அளவில் கலைஞர்களும் தன்னார்வலர்களும் சேர்த்தி. அளவு 120 என்றால் அவர்கள் இருபத்தைந்து பேரைக் கழித்துவிட்டு 95 பேரைத்தான் உள்ளே விடலாம். நாற்காலி எண்ணிக்கையும் அனுமதி அளவும் ஒன்றா என்று நிர்வாக அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நடைபாதையைக் கடக்கும் கேபிள்களைத் துணி டேப்பால் முழு நீளத்துக்கும் ஒட்டுங்கள். அவசரவழிக் கதவுக்குக் குறுக்கே ஒட்டிக்கூட எடுத்துப் போகக்கூடாது, வேறு சுவரோரம் சுற்றிக்கொண்டு போகட்டும்.