எஸ்ஐஆர் மாதிரிக்குள் நோயில் படுத்த 512 பேரின் எண்ணிக்கையை எப்படிக் கொண்டுவருவது?

வணக்கம். 1978 இங்கிலாந்து உறைவிடப் பள்ளி ஃப்ளூ தரவு இங்கே பலருக்கும் பழக்கம்தான்: 763 மாணவர்கள், 14 நாள், அன்றன்று படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கை, உச்சம் 298. ஸ்டானில் (பேய்சியன் கணிப்பு மென்பொருள்) எஸ்ஐஆர் (தொற்றக்கூடியவர், தொற்றியவர், மீண்டவர் என்று மூன்று பெட்டி கொண்ட மாதிரி) பொருத்தினால் வளைகோடு அழகாகவே உட்காருகிறது. காமா (தொற்றியவர் பெட்டியை விட்டு வெளியேறும் வேகம்) நாளுக்கு 0.5-ஐ ஒட்டி, ஆர்-நாட் (தொடக்கத்தில் ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றவைக்கிறார்) 3.5 பக்கம்.

ஆனால் ஆர்-நாட் 3.5 என்றால் கடைசியில் 97%, சுமார் 737 பேருக்குத் தொற்றியிருக்க வேண்டும். மொத்தத்தில் படுத்ததோ 512 பேர். தினசரி எண்களைக் கூட்டினால் 1559. 512-ஆல் வகுத்தால் ஆளுக்கு 3 நாள். மாதிரி சொல்வது 2 நாள். படம் பொருந்துகிறதே என்று இதை விட்டுவிட முடியாது.

அதனால் படுக்கைக்குத் தனிப் பெட்டி வைத்தேன்: தொற்றியவர்களில் ஒரு பங்கினர் காமா வேகத்தில் உள்ளே, டெல்டா வேகத்தில் வெளியே. இப்போது செயின்கள் (ஸ்டானின் தனித்தனி ஓட்டங்கள்) இரு இடங்களில் போய் நிற்கின்றன. காமாவும் டெல்டாவும் இடம் மாறினாலும் வளைகோட்டின் வடிவம் ஏறத்தாழ அதுவேதான். உயர வித்தியாசத்தை அந்தப் பங்கு விழுங்கிவிடுகிறது. சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வரை ஆர்கே45-இலிருந்து பிடிஎஃப்-க்கு மாற்றியும் பயனில்லை, கோளாறு சால்வரில் இல்லையே.

டெல்டாவுக்கு 1/3-ஐச் சுற்றி இறுக்கமான பிரையர் (முன்கூட்டிய அனுமானம்) கொடுப்பதா, 512-ஐ பைனாமியலாக லைக்லிஹுட்டில் (தரவு மாதிரியோடு பொருந்தும் அளவு) சேர்ப்பதா? சேர்த்தால் அதே பையன்களை இருமுறை எண்ணுகிறோமோ என்று சந்தேகம். தவிர, ஒரே பையன் மூன்று நாள் எண்ணிக்கையில் வருகிறான். நாட்களைச் சார்பற்றவையாக வைக்கும் நெகட்டிவ் பைனாமியல் பரவல், மதிப்பீடுகளின் நிச்சயமின்மை இடைவெளிகளைக் குறுக்கிவிடாதா? லீனியர் நாய்ஸ் அப்ராக்ஸிமேஷனை (தொற்றுப் பரவலின் தற்செயல் ஏற்றத்தாழ்வை, நாட்களுக்கு இடையிலான சார்போடு, தோராயமாகக் கணக்கிடும் முறை) ஸ்டானில் எழுதியவர்கள் இருந்தால் கோடின் அமைப்பை மட்டும் காட்டுங்கள், போதும்.