போர்க்காலப் பங்கீட்டில் நோயாளிகளுக்குக் கூடுதல் உணவு கிடைத்ததா?

கேள்வி: பிரிட்டனில் 1940 சனவரியில் தொடங்கிய உணவுப் பங்கீட்டில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்றால், கடும் நோயாளிகள் எப்படிச் சமாளித்தார்கள்? மருத்துவர் கடிதம் போதுமானதாக இருந்ததா?

பதில் 1: வெறும் கடிதம் போதாது. எந்த நோய்க்கு எதைக் கூடுதலாகத் தரலாம் என்று அரசுக்குச் சொல்ல மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் தனிக் குழு ஒன்றை அமைத்திருந்தது. அந்தக் குழு ஏற்றுக்கொண்ட நோய்தான் என்று மருத்துவர் சான்றளித்தால்தான் கூடுதல் பங்கு கிடைத்தது. உடல் தளர்ச்சி என்று பொதுவாக எழுதினால் எடுபட்டிருக்காது.

பதில் 2: நீரிழிவு நோயாளிகளின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வாரம் சுமார் 8 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 225 கிராம் சர்க்கரைப் பங்கை அவர்கள் விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக இறைச்சியும் கொழுப்பும் கூடுதலாகப் பெற்றார்கள். (சைவர்களும் இப்படித்தான் இறைச்சியை விட்டுப் பாலாடைக்கட்டி வாங்கினார்கள்.) காசநோயாளிகளுக்குப் பாலில் முன்னுரிமை இருந்தது.

கேட்டவர்: நன்றி. அந்தக் கூடுதல் உணவு இலவசமா?

பதில் 1: இல்லை. பங்கீட்டுப் புத்தகம் தந்தது வாங்கும் உரிமையை மட்டுமே. கடைக்காரர் கூப்பனைக் கத்தரித்துக்கொண்டு காசையும் வாங்கிக்கொள்வார். ஆகவே ஏழை நோயாளிக்குச் சான்றிதழ் கிடைத்த பிறகும் பாதிச் சிக்கல் அப்படியேதான் இருந்தது.