பரீட்சை நேரத்தில் மகளுக்கு ஹே ஃபீவர் (மகரந்த ஒவ்வாமை), என்ன செய்யலாம்?

வதனி, ஹரோ:
மகளுக்கு 16 வயது. மே பிறந்ததில் இருந்து விடாத தும்மல், கண் அரிப்பு, இரவில் மூக்கடைப்பு. ஜூன் நடுப்பகுதி வரை ஜிசிஎஸ்இ (பிரிட்டனில் 16 வயதில் எழுதும் பள்ளிப் பொதுப் பரீட்சை) இருக்கிறது. ஒவ்வாமைக்கான பிரிட்டோன் மருந்து கொடுத்தால் புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுகிறாள். அம்மா ஊரில் இருந்து ஆவி பிடிக்கச் சொல்கிறார். வேறு என்ன செய்யலாம்?

செல்வி அக்கா:
வதனி, பிள்ளையை நினைக்கப் பாவமாக இருக்கிறது. லண்டன் வந்ததில் இருந்து எனக்கும் கோடை என்றால் இதே பாடுதான். பிரிட்டோன் பழைய வகை மருந்து, தூக்கம் வரத்தான் செய்யும். பார்மசியில் லொராடடின் அல்லது செட்டிரிசின் கேளுங்கள். செட்டிரிசினும் சிலரைச் சோர வைக்கும். பரீட்சை இல்லாத நாளில் முதலில் கொடுத்துப் பாருங்கள்.

மூக்கடைப்புக்கு மாத்திரையை விட ஸ்டீராய்டு ஸ்பிரேதான் நன்றாகக் கேட்கும். 18 வயதுக்குக் கீழே என்றால் சில ஸ்பிரேக்களைக் கடையில் தரமாட்டார்கள், ஜிபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) கேட்க வேண்டி வரும். இரண்டு நாள் அடித்துவிட்டுக் கைவிடாதீர்கள், முழுப் பலன் தெரிய 2 கிழமை வரை ஆகும். அடிக்கிற முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலது துவாரத்துக்கு இடது கையாலும் இடதுக்கு வலது கையாலும் அடிக்க வேண்டும். அப்போது மருந்து மூக்கின் நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கமாகப் போகும். பலமாக உறிஞ்சினால் எல்லாம் தொண்டைக்குள் இறங்கிவிடும்.

குமரன், டூட்டிங்:
அக்கா சொன்னதோடு ஒன்று. வெயில் அடிக்கிறதே என்று உடுப்பையும் தலையணை உறையையும் வெளியே காயப் போடாதீர்கள், புல் மகரந்தம் ஒட்டிக்கொண்டு கட்டிலுக்கே வந்துவிடும். பள்ளியால் வந்ததும் தலை முழுகி உடுப்பு மாற்றட்டும். வெளியே போகும் முன் மூக்கைச் சுற்றி வாஸலின் பூசலாம். பிரிட்டன் வானிலை நிலையமான மெட் ஆஃபிஸ் மகரந்த அளவை அறிவிக்கிறது. கூடிய நாட்களில் யன்னலைச் சாத்தி வையுங்கள்.

வதனி:
நன்றி அக்கா, தம்பி. அப்போ ஆவி?

செல்வி அக்கா:
அடைப்பு கொஞ்ச நேரம் இளகும், அவ்வளவுதான். கொதிநீர்ச் சட்டிக்கு மேல் குனிவதில் சுடும் ஆபத்தும் இருக்கிறது. அதற்குப் பதில் பார்மசியில் விற்கும் உப்புநீர் ஸ்பிரேயால் மூக்கைக் கழுவினால் மகரந்தமே வெளியேறும். ஸ்டீராய்டு அடிக்கும் முன் இதைச் செய்யுங்கள், பிந்திச் செய்தால் மருந்தும் கழுவப்பட்டுவிடும். அவளுக்கு இளைப்போ நெஞ்சு இறுக்கமோ வந்தால் மட்டும் வீட்டு வைத்தியத்தில் நிற்காமல் உடனே ஜிபிக்குப் போன் எடுங்கள். மூச்சு விடவே கஷ்டப்பட்டால் அவசர எண் 999.