டிரான்ஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளும்படியான பியர்-டு-பியர் நிரல்: டிசிபியில் ஓடுகிறது, நெட்.பைப்பில் நின்றுவிடுகிறது

கேள்வி: மாலைக்கதிர்

அனைவருக்கும் வணக்கம். ஒரே வளாகத்துக்குள் இருக்கும் கணினிகள், நடுவில் சர்வர் எதுவும் இல்லாமல், தங்களுக்குள் குறுஞ்செய்திகளையும் கோப்புகளையும் அனுப்பிக்கொள்வதற்கான சிறிய பியர்-டு-பியர் நிரல் ஒன்றைக் கோ மொழியில் எழுதி வருகிறேன். இப்போதைக்கு, பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறை போதும். ஆனாலும் பிற்பாடு வெப்சாக்கெட், குவிக் போன்ற வேறு இணைப்பு முறைகளைச் சேர்க்க நேர்ந்தால் நிரலின் மற்ற பகுதிகளில் கை வைக்க வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக, டிரான்ஸ்போர்ட் என்ற இன்டர்ஃபேஸ் ஒன்றைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்டேன். அதில் டயல் (இணைப்பைத் தொடங்குவது), லிசன் (வரும் இணைப்புக்குக் காத்திருப்பது) ஆகிய இரண்டு செயல்கள் மட்டுமே உள்ளன. எந்த வழியாக இணைப்பு வந்தாலும், மேலே இருக்கும் பகுதிக்குக் கிடைப்பது நெட் பேக்கேஜின் கான் (இணைப்பு) வகைதான்.

இணைப்பு கிடைத்தவுடன் இரு பக்கமும் ஓர் அறிமுகச் செய்தியை அனுப்புகின்றன. நெறிமுறையின் பதிப்பு, கணினியின் பெயர், தான் லிசன் செய்யும் போர்ட் எண் ஆகியவை அதில் இருக்கும். அனுப்பி முடித்த பிறகே ஒவ்வொரு பக்கமும் மறுபக்கத்தின் அறிமுகத்தைப் படிக்கும். டிசிபியில் இது எந்தக் குறையும் இல்லாமல் நடக்கிறது. சோதனைகளுக்காக ஒரே நிரலுக்குள் இரு முனைகளை நேரடியாக இணைக்கும் நெட்.பைப்பை அடிப்படையாக வைத்து இரண்டாவது டிரான்ஸ்போர்ட் ஒன்றை எழுதிப் பொருத்தினால், இரு பக்கமும் அப்படியே நின்றுவிடுகின்றன. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. கோ டெஸ்ட் தனது இயல்பான 10 நிமிடக் கெடு முடிந்து நிரலை நிறுத்தும்போது வெளியிடும் பட்டியலில், இரண்டு கோரூட்டீன்களும் (ஒரே நேரத்தில் ஓடும் பணிகளும்) ரைட் (எழுதும்) செயலில் காத்திருப்பது தெரிகிறது.

மற்றொரு சிக்கலும் உள்ளது. இணைந்திருக்கும் கணினிகளை, எதிர்முனை முகவரியைச் சாவியாகக் கொண்ட ஒரு மேப்பில் வைத்திருக்கிறேன். ஒரே கணினி சில வேளைகளில் அதில் இரண்டு முறை இடம்பெறுகிறது. ஒன்றில் நான் கொடுத்த 7000 என்ற போர்ட்டும், மற்றொன்றில் 51734 போல நான் எங்குமே குறிப்பிடாத ஓர் எண்ணும் காணப்படுகின்றன.

இவை தனித்தனிப் பிழைகளா, அல்லது இன்டர்ஃபேஸை வகுத்த விதத்திலேயே கோளாறு உள்ளதா? பைட் ஓடையைக் கைவிட்டு, "முழுச் செய்தியை அனுப்பு", "முழுச் செய்தியைப் பெறு" என்று இன்டர்ஃபேஸை மாற்றிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

மறுமொழி: பொறிவாசல்

முதல் சிக்கலுக்கான காரணம் நெட்.பைப்பின் இயல்பில் உள்ளது. அதற்குள் பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) என்பதே கிடையாது. ஒரு முனையில் எழுதப்படும் பைட்டுகளை மறுமுனை ரீட் செய்து முடிக்கும் வரை ரைட் திரும்பாது. டிசிபியில் நீங்கள் எழுதும் சிறிய அறிமுகச் செய்தியைக் கெர்னலின் அனுப்பு பஃபர் வாங்கி வைத்துக்கொள்வதால், எதிர்ப்பக்கம் படித்ததா இல்லையா என்பதைப் பார்க்காமலேயே ரைட் உடனே திரும்பிவிடுகிறது. டிசிபியில் எழுதுவது கடிதத்தை அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டுப் போவதைப் போன்றது, நெட்.பைப்பிலோ எதிரில் நிற்பவர் கை நீட்டி வாங்கும் வரை கடிதம் உங்கள் கையிலேயே இருக்கும். இரண்டு பக்கமும் முதலில் எழுதவே முனைந்தால், படிக்க ஆள் இல்லாமல் இரண்டும் நிற்கத்தான் செய்யும்.

இதைக் காரணம் காட்டி நெட்.பைப்பை நீக்கிவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். உங்கள் நிரலில் உள்ள ஒரு மறைமுகச் சார்பை அது வெளியே கொண்டுவந்திருக்கிறது. இதே முடக்கம் டிசிபியிலும் நேரக்கூடியதே. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று பெரிய கோப்பை அனுப்பத் தொடங்கி, அனுப்பி முடித்த பிறகே படிப்பது என்று இரண்டும் இருந்தால், இரு பக்கத்து பஃபர்களும் நிரம்பியதும் இரண்டும் ரைட்டில் மாட்டிக்கொள்ளும். அறிமுகச் செய்தி சிறியதாக இருப்பதனால் மட்டுமே அது இதுவரை தெரியாமல் இருந்தது.

தீர்வு எளியது. டயல் செய்தவர் முதலில் பேச வேண்டும், லிசன் செய்தவர் அதைப் படித்த பிறகு பதில் எழுத வேண்டும் என்ற ஒழுங்கை நெறிமுறையிலேயே வைத்துவிடுங்கள். கோப்புப் பகிர்வு நெறிமுறையான பிட்டோரன்ட்டின் அறிமுகமும் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது. இணைப்பைத் தொடங்கியவர் 68 பைட் கொண்ட அறிமுகத்தை உடனே அனுப்புகிறார்; பெறுபவர் அதைப் பார்க்கும் வரை காத்திருக்கலாம். அறிமுகம் முடிந்த பிறகு, ஒவ்வோர் இணைப்புக்கும் படிப்பதற்கு ஒரு கோரூட்டீனும் எழுதுவதற்கு ஒரு கோரூட்டீனும் தனித்தனியே இருக்கட்டும். அறிமுகத்துக்கு முன்பாகச் செட்டெட்லைன் மூலம் சில விநாடிகள் கெடு வைத்துவிட்டால், வாய் திறக்காத எதிர்முனை உங்கள் நிரலை என்றென்றும் பிடித்து வைத்திருக்க முடியாது. நெட்.பைப்பும் இந்தக் கெடுவை மதிக்கிறது.

மறுமொழி: கடலோடி

இரண்டாவது சிக்கலைப் பற்றி எழுதுகிறேன். எதிர்முனை முகவரி என்பது இந்த இணைப்பு எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. வந்தவர் யார் என்பதைச் சொல்வதில்லை. மற்றொரு கணினி உங்களை டயல் செய்யும்போது, அதன் இயங்குதளம் ஒரு தற்காலிகப் போர்ட்டை எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் அது இயல்பாக 32768 முதல் 60999 வரையிலான எண்களுக்குள் அமையும். நீங்கள் கண்ட 51734 அப்படி வந்ததே. டிரான்ஸ்போர்ட்டை மாற்ற வேண்டும் என்று நீங்கள் விரும்பும்போது இது இன்னும் முக்கியமாகிறது. நாளை அதே கணினி வெப்சாக்கெட் வழியாக வந்தால் முகவரியின் வடிவமே வேறாக இருக்கும், நெட்.பைப்பிலோ எல்லா இணைப்புகளுக்கும் "பைப்" என்ற ஒரே முகவரிதான் கிடைக்கும்.

ஆகவே ஒவ்வொரு கணினிக்கும் எட்25519 என்ற கையொப்ப முறையின் சாவி இணையை (பொதுச் சாவி, தனிச் சாவி) முதல் முறை நிரல் ஓடும்போதே உருவாக்கிச் சேமித்துவிடுங்கள். 32 பைட் கொண்ட பொதுச் சாவியே அந்தக் கணினியின் அடையாளம். மேப்பின் சாவியும் அதுவே. பியர்-டு-பியர் நிரல்களுக்கான லிப்பி2பி (libp2p) திட்டமும் கணினியின் அடையாளத்தைப் பொதுச் சாவியிலிருந்தே பெறுகிறது. அங்கே முகவரி எத்தனை முறை மாறினாலும் அடையாளம் மாறுவதில்லை. எதிர்முனை தனது பொதுச் சாவி இதுதான் என்று சொன்னதை மட்டும் நம்பிவிடக் கூடாது, அதற்குரிய தனிச் சாவி தன்னிடம் இருப்பதை அது நிரூபித்தாக வேண்டும். அதற்கு, இணைப்பை மறையாக்கி எதிர்முனையைச் சரிபார்க்கும் டிஎல்எஸ்ஸைப் பயன்படுத்தலாம். கோ மொழியின் டிஎல்எஸ் பேக்கேஜ் எந்தக் கான் மீதும் ஏறி உட்காரும். இரு பக்கமும் தாமே கையொப்பமிட்ட சான்றிதழைக் காட்டும்படி செய்து, வழக்கமான சான்றிதழ்ச் சரிபார்ப்பை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாகச் சான்றிதழில் உள்ள பொதுச் சாவியைச் சரிபார்க்கும் உங்கள் சொந்தச் செயலைக் கட்டாயமாக வையுங்கள். வழக்கமான சரிபார்ப்பை நிறுத்திவிட்டு உங்கள் சொந்தச் செயலை வைக்காமல் விட்டுவிட்டால் பாதுகாப்பு எதுவுமே இருக்காது.

அடையாளம் சரியான பிறகும் ஒரே கணினியுடன் இரண்டு இணைப்புகள் உருவாகலாம், ஏனெனில் இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று டயல் செய்யக்கூடும். முதலில் வந்ததை வைத்துக்கொள்வது என்ற விதி இங்கே உதவாது. இரு பக்கத்துக்கும் வெவ்வேறு இணைப்பு முதலாவதாகத் தெரியலாம். அப்போது ஒவ்வொன்றும் மற்றொன்று வைத்திருப்பதை மூடிவிட, கடைசியில் ஓர் இணைப்பும் மிஞ்சாது. இரு பக்கமும் ஒரே முடிவுக்கு வரும்படியான விதி தேவை. இணையத்தின் பாதைகளை நிர்ணயிக்கும் பிஜிபி நெறிமுறை இதே நிலையில், அடையாள எண் பெரிதாக உள்ள பக்கம் தொடங்கிய இணைப்பை வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிடுகிறது. உங்கள் பொதுச் சாவிகளை பைட் பைட்டாக ஒப்பிட்டு அதே விதியைப் பின்பற்றலாம்.

மறுமொழி: வடகரை

மேலே உள்ள இரண்டு விளக்கங்களும் சரியே. இன்டர்ஃபேஸின் வடிவத்தைப் பற்றி மட்டும் எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உள்ளது.

செய்தி வடிவ இன்டர்ஃபேஸ் வேண்டாம், பைட் ஓடையே இருக்கட்டும். செய்தியின் எல்லையை டிரான்ஸ்போர்ட்டிடம் விட்டால், ஒவ்வொரு டிரான்ஸ்போர்ட்டும் அதைத் தனித்தனியே எழுத வேண்டிவரும். ஒவ்வொன்றின் அளவு வரம்பும் வேறுபடும். பிட்டோரன்ட்டைப் போலவே ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 4 பைட்டில் அதன் நீளத்தை எழுதுங்கள். படிக்கும்போது ஐஓ.ரீட்ஃபுல்லைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் வெறும் ரீட் கேட்ட அளவைவிடக் குறைவாகத் தந்துவிட்டுத் திரும்பலாம். நீளத்தைப் படித்தவுடன், இடம் ஒதுக்குவதற்கு முன்பே, அதை உங்கள் உச்ச வரம்புடன் ஒப்பிடுங்கள். இல்லையெனில் 4 பைட்டை மட்டும் அனுப்பி, உங்கள் நிரலை 4 ஜிபி நினைவகம் கேட்க வைத்துவிட முடியும். பிட்டோரன்ட் பின்னாளில் பாக்கெட்டுகளை உத்தரவாதமின்றித் தனித்தனியே அனுப்பும் யுடிபி மீது இயங்கும் மியூடிபியைச் சேர்த்தபோது செய்திகளின் வடிவத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. மியூடிபியும் வரிசை மாறாத, இழப்பில்லாத பைட் ஓடையையே மேலே தந்ததுதான் அதற்குக் காரணம்.

மாறுபடும் இடம் இதுதான். டிரான்ஸ்போர்ட் வெறும் கானைத் தர, அதன் மேல் டிஎல்எஸ் ஏறுவது என்று வகுத்தால், குவிக் வரும்போது சிக்கலாகும். 2021-இல் ஆர்எஃப்சி 9000 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்த குவிக், டிஎல்எஸ் 1.3-ஐத் தனக்குள்ளேயே கொண்டது. ஒரே இணைப்பில் பல ஓடைகளையும் தருவது. அதன் மேல் மீண்டும் ஒரு டிஎல்எஸ் தேவையற்ற சுமை. எனவே டயல் செயலுக்கு முகவரியுடன் எதிர்பார்க்கும் பொதுச் சாவியையும் கொடுத்து, அது திரும்பத் தருவது அடையாளம் சரிபார்க்கப்பட்ட இணைப்பாகவே இருக்கும்படி எல்லையை ஒரு படி மேலே நகர்த்துங்கள். டிசிபி, வெப்சாக்கெட், நெட்.பைப் மூன்றும் டிஎல்எஸ்ஸைச் சேர்ப்பதற்கான ஒரே பொதுச் செயலைப் பகிர்ந்துகொள்ளட்டும்; குவிக் அதைத் தாண்டிச் செல்லட்டும்.

டயலையும் லிசனையும் இரண்டு தனி இன்டர்ஃபேஸ்களாகப் பிரிப்பதும் நல்லது. பிரவுசருக்குள் ஓடும் வெப்சாக்கெட்டால் டயல் மட்டுமே செய்ய முடியும்.

அடையாளத்தை மறைத்து இணையத்தைப் பயன்படுத்த உதவும் டோர் திட்டத்தில் டிரான்ஸ்போர்ட்டுகள் தனி நிரல்களாக ஓடி, பயனர் பக்கத்தில் சாக்ஸ் என்ற ப்ராக்சி நெறிமுறை வழியாக டோருடன் பேசுகின்றன. மூல நிரலைத் தொடாமல் எவரும் எந்த மொழியிலும் புதியதொன்றை எழுதிச் சேர்க்க அது வழிசெய்கிறது. உங்கள் அளவுக்கு அது தேவையில்லை, ஒரே நிரலுக்குள் உள்ள இன்டர்ஃபேஸே போதும்.

மறுமொழி: மாலைக்கதிர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டயல் செய்தவர் முதலில் பேசும்படி மாற்றியவுடன் நெட்.பைப் சோதனை முடிந்துவிட்டது. பொதுச் சாவியை அடையாளமாக்கியதும் இரட்டைப் பதிவும் மறைந்துவிட்டது. ஆனால் டிஎல்எஸ்ஸைச் சேர்த்தபின் நெட்.பைப்பில் மட்டும் மீண்டும் நின்றுவிடுகிறது. டயல் பக்கம் அறிமுகத்தை எழுதும் இடத்தில் காத்திருக்கிறது. மேலும், யுடிபியை நேரடியாகவே ஒரு டிரான்ஸ்போர்ட்டாகச் சேர்க்க முடியுமா என்றும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: பொறிவாசல்

லிசன் பக்கத்தின் கோரூட்டீனைப் பாருங்கள், அதுவும் ரைட்டில்தான் நிற்கும். டயல் பக்கத்து டிஎல்எஸ் கான்ஃபிகில் செஷன்களைச் சேமிக்கும் கேஷ் வைத்திருந்தால், டிஎல்எஸ் 1.3-இல் சர்வராக இருக்கும் பக்கம், அடுத்த முறை விரைவாக இணைவதற்கான செஷன் டிக்கெட்டைத் தானாகவே எழுதுகிறது. டயல் செய்த பக்கம் அதை எடுப்பது அடுத்த ரீடின்போதுதான். நீங்களோ அதற்கு முன் அறிமுகத்தை எழுத வைக்கிறீர்கள். மறுபடியும் இருவரும் எழுதுகிறார்கள், படிப்பவர் இல்லை. டிஎல்எஸ் கான்ஃபிகில் செஷன் டிக்கெட்டை அணைத்துவிடுங்கள். வளாகத்துக்குள் ஓடும் நிரலுக்கு அதனால் இழப்பு எதுவும் இல்லை.

யுடிபியை இந்த இன்டர்ஃபேஸின் கீழ் நேரடியாக வைக்க முடியாது. பாக்கெட் தொலையலாம், வரிசை மாறலாம், இரண்டு முறையும் வரலாம். உங்கள் மேல் அடுக்கு இவற்றில் எதையும் எதிர்பார்க்கவில்லை. அவற்றையெல்லாம் சரிசெய்யப் புகுந்தால் மியூடிபியையோ குவிக்கையோ திரும்ப எழுதுவதாகவே முடியும் என்பதால், யுடிபி வேண்டுமென்றால் குவிக்கைச் சேருங்கள்.

கோப்பின் முடிவைத் தெரிவிக்க, இணைப்பின் எழுதும் பக்கத்தை மட்டும் மூடும் முறையையும் தவிர்த்துவிடுங்கள். டிசிபியில் அது உண்டு, நெட்.பைப்பிலும் வெப்சாக்கெட்டிலும் இல்லை. கோப்பின் நீளத்தை முதலிலேயே ஒரு செய்தியில் சொல்லிவிட்டால், எந்த டிரான்ஸ்போர்ட்டிலும் முடிவு தெரியும்.

புதிதாக ஒரு டிரான்ஸ்போர்ட்டை எழுதும்போதெல்லாம், அதன் கான் இணையை உருவாக்கித் தரும் செயல் ஒன்றைக் கோ குழுவினரின் எக்ஸ்/நெட் தொகுப்பில் உள்ள நெட்டெஸ்ட் பேக்கேஜின் டெஸ்ட்கான் செயலிடம் கொடுத்துப் பாருங்கள். கெடு கடந்த ரீட் திரும்புகிறதா, ஒரே நேரத்தில் பல கோரூட்டீன்கள் பயன்படுத்தினால் தாங்குகிறதா, மூடிய பிறகு காத்திருப்பவை விடுபடுகின்றனவா என்பவற்றை அது சோதித்துவிடும். டிஎல்எஸ் ஏறுவதற்கு முந்தைய கானிலேயே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பிழை இருந்தால் அது டிரான்ஸ்போர்ட்டில் உள்ளதா மேல் அடுக்கில் உள்ளதா என்பது அங்கேயே பிரிந்துவிடும்.