பதில்: ‘தாய்த்தடம்’ – களப்பற்று என்று வைக்கலாமா?

அன்புள்ள அம்மா,

வணக்கம். நம் திமிங்கிலக் கட்டுரையில் வரும் ‘சைட் ஃபிடெலிட்டி’க்கு, அதாவது ஒரு விலங்கு மீண்டும் மீண்டும் அதே இடத்துக்குத் திரும்பி வரும் இயல்புக்கு, தமிழ்ச்சொல்லாக நீங்கள் கொடைக்கானலிலிருந்து அனுப்பிய ‘தாய்த்தடம்’ காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் கோத்தகிரிப் பக்கம் தடம் என்றாலே யானை வழித்தடம்தான். கல்லாற்றிலிருந்து ஜக்கனாரிச் சரிவுக்கு அவை ஏறி இறங்கும் பாதை. தடம் என்பது போகிற வழி. திமிங்கிலத்தில் நமக்கு வேண்டியது போய்ச் சேரும் இடம்.

முந்தைய மடலில் வந்த ‘பிறப்பிடப் பற்று’ அதைவிடவும் பொருந்தாது. ஹவாயின் வெதுவெதுப்பான கடலில் பிறக்கும் கூன்முதுகுத் திமிங்கிலக் (ஹம்ப்பேக்) குட்டி, முதல் கோடையில் தாயோடு அலாஸ்காவுக்கு இரை தேடிப் போகிறது. தாயைப் பிரிந்த பிறகும் ஆண்டுதோறும் அதே இரைக்களத்துக்கு வருகிறது. தாய் கூட்டிப்போன இடம் அது.

இது தெரியவந்த விதமும் கட்டுரையில் வரவேண்டும். திமிங்கிலத்தின்மேல் குறுக்குவில்லால் எய்யும் அம்பின் குழல்முனை துளி தோலை எடுத்துக்கொண்டு நீரில் மிதக்கும். அந்தத் தோலில் இருக்கும் இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே வருவது. 1990இல் வெளியான ஆய்வில், தென்கிழக்கு அலாஸ்காவிலும் கலிஃபோர்னியாவிலும் இரை தேடும் கூட்டங்களில் இந்த டிஎன்ஏவின் தாய்வழி வகைகள் (ஹாப்லோடைப்) வெவ்வேறாக இருந்தன. நம் நீலகிரி யானைகளுக்கும் ஆனைமலை யானைகளுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. அங்கே கடலில் குறுக்கே எதுவும் இல்லை. தாயிடம் பழகிய பழக்கமே கூட்டங்களைப் பிரித்து வைத்திருக்கிறது! இவ்வளவையும் தாங்குகிற சொல் வேண்டாமா?

‘தாய்வழிக் களப்பற்று’ என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. பொதுவாகச் சொல்லும் இடத்தில் களப்பற்று போதும்.

‘வலசைப் பற்று’ என்று வைக்கலாமா எனக் கேட்ட நண்பருக்கு: அரபிக்கடல் கூன்முதுகுகள் துருவக் கடலுக்கு வலசை போவதில்லை. இரை தேடுவதும் குட்டி ஈனுவதும் அந்தக் கடலிலேயே. தென்கோளக் கூட்டங்களிலிருந்து அவை பிரிந்து ஏறத்தாழ 70,000 ஆண்டுகள் ஆகின்றன என்கிறது மரபணு ஆய்வு. 2017இல் ஓமனில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட லுபான் என்ற பெண் திமிங்கிலம் அரபிக்கடலைக் கடந்து நம் குமரிமுனைப் பக்கம்வரை வந்தது. அதைப் பற்றி எழுதும்போதும் சொல் கைகொடுக்க வேண்டும்.

‘ஃபிடெலிட்டி’க்கு ‘விசுவாசம்’ வேண்டவே வேண்டாம். அது ஆள்மேல் வைப்பது. ஹாப்லோடைப்பை இப்போதைக்கு அப்படியே விடலாம். குட்டி ஈனும் கடற்பகுதிக்கு ஈனுகளமா, ஈற்றுக்களமா என்று மட்டும் நீங்கள் சொல்லிவிட்டால் கட்டுரையை அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து