எல்லோரும் புகழ்ந்த எஸ்கார்ட்: என் அனுபவம் வேறாக இருந்தால் எழுதலாமா?

தென்கடல்:
நான் நியூசிலாந்தின் வெலிங்டனில் வசிக்கிறேன். எஸ்கார்ட்டாக, அதாவது தனியாகப் பாலியல் தொழில் செய்யும் ஒருவரை, அவரைப் பற்றி வாடிக்கையாளர்கள் எழுதியிருந்த ஏழெட்டு மதிப்புரைகளைப் படித்துவிட்டுச் சென்ற மாதம் சந்தித்தேன். அத்தனை பேரும் அவருடைய கலகலப்பைப் புகழ்ந்திருந்தார்கள். என்னிடமோ அளந்துதான் பேசினார். சொன்ன நேரத்துக்கு வந்தார், சொன்ன கட்டணத்துக்கு மேல் கேட்கவில்லை. ஆனாலும் மனக்குறை தீரவில்லை. எழுதினால் அவர் பிழைப்பில் மண் போட்டவனாவேனோ, எழுதாவிட்டால் உண்மையை மறைத்தவனாவேனோ என்று குழம்புகிறேன்.

பழைய வரவேற்பாளர்:
ஆக்லாந்தில் ஒரு பாலியல் தொழில் விடுதியில் மூன்று ஆண்டுகள் தொலைபேசி எடுத்தவள் நான். ஒரே மாலையில் ஒரே பெண்ணைச் சந்தித்த இருவரில் ஒருவர் அன்பானவர் என்பார், மற்றவர் கல் என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. கலகலப்பு இருவர் சேர்ந்தால் வருவது, ஐயா. உங்கள் கூச்சத்துக்கும் அதில் பங்கிருந்திருக்கலாம். அதைவிடப் பெரிய தொல்லை, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் பட்டியலிட்டு எழுதும் பாராட்டுகளால்தான் வந்தது. அவற்றைப் படித்துவிட்டு, "அவருக்கு உண்டாம், எனக்கு ஏன் இல்லை?" என்று அழைப்பவர்கள் வாதாடுவார்கள். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுப் பாலியல் தொழில் சீர்திருத்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தம் செய்த பிறகும், நடுவிலேகூட, தொழில் செய்பவர் மறுக்கலாம். அந்த உரிமையைப் பயன்படுத்தியதைக் குறையாக எழுதுவது முறையல்ல.

சட்டம் படித்தவன்:
இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். ஆணுறை இன்றி ஒத்துக்கொண்டார் என்று சிலர் பெருமையாக எழுதுகிறார்கள். அதே சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி பாதுகாப்புக் கடமை வாடிக்கையாளருக்கும் உண்டு, இருவருக்குமே 2,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். இரண்டாவது, "வெளிநாட்டு மாணவி போலிருக்கிறது" என்ற ஊகம். தற்காலிக விசாவில் இருப்போர் இத்தொழில் செய்வதை 19ஆம் பிரிவு தடுப்பதால், அந்த ஒரு வரியே ஒருவரை நாடு கடத்தும் நடவடிக்கைக்கு வழிவிடக்கூடும்.

நேர்பேச்சு:
எல்லாம் சரி, ஆனால் குறையே எழுதக் கூடாதென்றால் மதிப்புரை விளம்பரமாகிவிடும். படத்தில் ஒருவரும் வாசலில் வேறொருவரும் நின்றால், பேசிய தொகை உள்ளே போனதும் ஏறினால், தாராளமாக எழுத வேண்டும்.

பழைய வரவேற்பாளர்:
அதை நான் மறுக்கவில்லை. அவர் வாக்களித்ததில் எது தவறியதோ அதை எழுதுங்கள். அதற்கு முன் ஒரு குறுஞ்செய்தியில் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. உடலமைப்பு, குடியிருப்பின் அடையாளம், தற்செயலாகத் தெரியவந்த உண்மைப் பெயர் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம்.

தென்கடல்:
நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன்: "நேரமும் கட்டணமும் சொன்னபடியே. அமைதியாகப் பழகினார், நான் அதிகம் பேசாதவன், முதல் சந்திப்பு." மனக்குறை என்ற சொல்லை இருமுறை எழுதி இருமுறையும் அழித்துவிட்டேன்.