டி.எஃப்.ஐ.ஜி. காற்றாலையில் ரோட்டார் எப்போது மின்சாரம் வாங்குகிறது, எப்போது கொடுக்கிறது?

கொழிஞ்சாம்பாறை_காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவன். எல்லையைத் தாண்டி உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் உள்ள ஒரு காற்றாலைத் தொகுப்பில் ஒன்பது ஆண்டுகளாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் பழைய 225 கிலோவாட் எந்திரங்களில் இருந்தேன். பள்ளிக்கூட நாளில் கஞ்சிக்கோட்டில் பார்த்து வியந்த கேரள மின்வாரியக் காற்றாலைகளும் அதே அளவுதான் என்பதால், அவற்றின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அவற்றில் இருந்தது சாதாரணத் தூண்டல் ஜெனரேட்டர். ரோட்டாருக்கு, அதாவது சுழலும் பகுதிக்கு, வெளியிலிருந்து ஒரு கம்பிகூடப் போகாது. கடந்த நான்கு ஆண்டுகளாக 1.5 மெகாவாட், 690 வோல்ட், நான்கு துருவ டி.எஃப்.ஐ.ஜி. (இரட்டை ஊட்டத் தூண்டல் ஜெனரேட்டர்) எந்திரங்களில் இருக்கிறேன். இவற்றில் ஸ்டேட்டார் என்ற நிலைப்பகுதி நேராகவும், ரோட்டார் கன்வெர்ட்டர் என்ற மின்னணு மாற்றி வழியாகவும் மின்தொகுப்போடு இணைந்திருக்கும்.

எனக்கு இரண்டு கேள்விகள் உள்ளன. முதலாவது, பயிற்சிக்கு வந்திருக்கும் சித்தூர்ப் பையன்கள் கேட்டு நான் பதில் சொல்ல முடியாமல் நின்ற கேள்வி. தண்டு 1200 சுற்றில் ஓடும்போது ரோட்டார் மின்சாரத்தை வாங்குவதாகவும், 1800 சுற்றில் ஓடும்போது கொடுப்பதாகவும் திரை காட்டுகிறது. கம்பியும் கன்வெர்ட்டரும் ஒன்றாகவே இருக்க, திசை மட்டும் எப்படி மாறுகிறது? சுற்று இவ்வளவு மாறியும் ஸ்டேட்டாரில் 50 ஹெர்ட்ஸ் எப்படி அசையாமல் நிற்கிறது?

இரண்டாவது கேள்வி வேலையைப் பற்றியது. இந்த ஆடியில் ஒரே எந்திரம் 'ரோட்டார் மிகை மின்னோட்டம்' என்று காட்டிப் பதினோரு முறை நின்றது. அவற்றில் ஏழு முறை மின்பாதையில் அழுத்தம் சரிந்த நேரத்தோடு பொருந்துகிறது. மீதி நான்கும் விடியற்காலையில், மின்பாதை அழுத்தம் சீராக இருந்தபோதே நடந்தவை. கன்வெர்ட்டர் மாட்யூலை மாற்றிவிடலாம் என்கிறார்கள். விலை உயர்ந்த அந்தப் பொருளைக் கழற்றுவதற்கு முன் காரணத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

செங்கோட்டை_ஆசிரியை எழுதியது:

வணக்கம். பாலிடெக்னிக்கில் மின்பொறிகள் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அதிர்வெண்ணை முதலில் பார்ப்போம். உங்கள் பையன்களிடம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் பேருந்தை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேருந்து மெதுவாகப் போகும்போது நடத்துநர் அதற்குள் முன்பக்கம் நோக்கி நடக்கிறார். பேருந்து வேகமெடுத்ததும் பின்பக்கம் நோக்கி நடக்கிறார். நடையைச் சரியாக அளந்து வைத்தால், சாலையோரம் நிற்பவருக்கு நடத்துநர் எப்போதும் ஒரே வேகத்தில் செல்வதாகவே தெரியும். பேருந்துதான் ரோட்டார்; நடத்துநர்தான் அதில் கன்வெர்ட்டர் உண்டாக்கும் காந்தப்புலம்; சாலையோரம் நிற்பவர் ஸ்டேட்டார். நான்கு துருவ எந்திரத்தில் ஸ்டேட்டார் பார்க்க வேண்டிய வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று. தண்டு 1200-இல் ஓடினால் புலம் ரோட்டாருக்கு மேல் 300 சுற்று முன்னோக்கி ஓட வேண்டும். அதற்கு 10 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் போதும். தண்டு 1800-இல் ஓடினால் அதே 10 ஹெர்ட்ஸைக் கட்ட வரிசையை மாற்றிக் கொடுத்தால் புலம் 300 சுற்று பின்னோக்கி ஓடும். இரண்டு நிலையிலும் ஸ்டேட்டாருக்குக் கிடைப்பது 1500 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். தண்டின் கோணத்தைக் கணந்தோறும் சொல்லும் என்கோடர் பழுதானால் இந்த எந்திரம் ஓடவே முடியாததற்குக் காரணமும் இதுதான்.

இனித் திறன். பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தில்தான் வாசகரைக் கைவிட்டுவிடுகின்றன. ஆகவே எண்களோடு சொல்கிறேன். தண்டிலிருந்து வரும் திறன் என்பது முறுக்குவிசையைத் தண்டின் வேகத்தால் பெருக்கியது. ஸ்டேட்டார் வழியாக வெளியேறும் திறனோ அதே முறுக்குவிசையை 1500 சுற்றால் பெருக்கியது. தண்டு எந்த வேகத்தில் ஓடினாலும் ஸ்டேட்டாரின் கணக்கு 1500-ஐ விட்டு நகராது. எனவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரோட்டார் வழியாகத்தான் போயாக வேண்டும். அதற்கு வேறு வாசல் கிடையாது. முறுக்குவிசை ஏறத்தாழ 7960 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1800 சுற்றில் தண்டு 1500 கிலோவாட் தருகிறது. ஸ்டேட்டார் அதில் 1250 கிலோவாட்டை எடுத்துக்கொள்கிறது. மீதி 250 கிலோவாட் ஸ்லிப் ரிங் (தண்டோடு சுழலும் வளையம்; அதை உரசி நிற்கும் கரி பிரஷ்கள் மின்சாரத்தைக் கடத்தும்) வழியாகக் கன்வெர்ட்டருக்குப் போய் மின்தொகுப்பில் சேர்கிறது. காற்று குறைந்து 1200 சுற்றில் தண்டு 400 கிலோவாட் மட்டுமே தரும்போது ஸ்டேட்டார் 500 கிலோவாட் வெளியிடுகிறது. குறைகிற 100 கிலோவாட்டைக் கன்வெர்ட்டர் மின்தொகுப்பிலிருந்து எடுத்து ரோட்டாருக்குக் கொடுக்கிறது. இழப்புகளை விட்டுவிட்டுச் சொன்ன கணக்கு இது.

நீங்கள் முன்பு பார்த்த பழைய எந்திரங்களிலும் இந்த வித்தியாசம் இருந்தது. வெளியே வர வழியில்லாமல் ரோட்டார்க் கம்பிகளிலேயே வெப்பமாகப் போனது, அவ்வளவுதான். அதனால்தான் அவற்றில் நழுவலை (தண்டின் வேகம் புலத்தின் வேகத்திலிருந்து விலகும் அளவை) ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் வைத்தார்கள். டி.எஃப்.ஐ.ஜி. நழுவலைச் சுமார் 30 சதவீதம் வரை இரு பக்கமும் விரிக்கிறது. கன்வெர்ட்டரும் எந்திரத் திறனில் அதே 30 சதவீத அளவுக்கு இருந்தால் போதும். இந்தச் சிக்கனம்தான் இதை உலகெங்கும் பரப்பியது. உங்கள் இரண்டாவது கேள்வியில் வரும் தொல்லைக்கும் அதுவே வேர். அதை அனுபவம் உள்ளவர்கள் சொல்வதுதான் முறை.

ஆரல்வாய்_மூத்தவன் எழுதியது:

டீச்சர் சொன்னதற்குமேல் முதல் கேள்வியில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. தம்பி, உங்கள் பதினோரு நிறுத்தங்களையும் ஒரே நோயாக எண்ணாதீர்கள். ஏழு வேறு, நான்கு வேறு. பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர் வருவதால்தான் பலரும் மாட்யூலைக் கழற்றப் போகிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கோபுரம் ஏறியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அந்த ஏழு. மின்பாதையில் எங்கோ ஒரு குறுக்குச்சுற்று நேர்ந்து அழுத்தம் சட்டென்று சரியும்போது, ஸ்டேட்டாரில் இருந்த காந்தப்புலம் அந்தக் கணமே மறைந்துவிடாது. அது சுழல்வதை நிறுத்தி, நின்ற இடத்திலேயே உறைந்து, மெல்லத் தேயும். ரோட்டாரோ 1800 சுற்றில் அந்த உறைந்த புலத்தை வெட்டிக்கொண்டு ஓடுகிறது. சாதாரண நேரத்தில் ரோட்டாருக்கும் புலத்துக்கும் உள்ள வேக வித்தியாசம் 300 சுற்று. இப்போது முழு 1800 சுற்று. எனவே அழுத்தம் அடியோடு சரிந்தால் ரோட்டாரில் தூண்டப்படும் மின்னழுத்தம் வழக்கத்தைப்போல் ஆறு மடங்கு வரை போகும். 30 சதவீதத்துக்கென்று அளந்து வாங்கிய கன்வெர்ட்டரால் அதைத் தாங்க முடியாது. மின்னோட்டம் எகிறியதும் குரோபார் என்ற காப்புச் சுற்று உள்ளே வந்து ரோட்டாரை மின்தடைகள் வழியாகக் குறுக்கிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுகிறது. அந்தச் சில மில்லிநொடிகள் உங்கள் எந்திரம் பழைய 225 கிலோவாட் எந்திரத்தின் பிறவியாகவே மாறிவிடும். காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரை மின்தொகுப்பிலிருந்து உறிஞ்சும். ஏற்கெனவே சரிந்து கிடக்கும் அழுத்தத்துக்கு அது இன்னும் கேடு. ஆகையால் குரோபாரை எவ்வளவு விரைவில் விடுவித்துக் கட்டுப்பாட்டை மீண்டும் கன்வெர்ட்டரிடம் கொடுக்கிறோம் என்பதில்தான் எந்திரத்தின் தரம் இருக்கிறது.

மத்திய மின்சார ஆணையத்தின் இணைப்புத் தரநிலைகளில் 2013-இல் வந்த திருத்தம், 66 கிலோவோல்ட்டிலும் அதற்கு மேலும் இணையும் காற்றாலைகள் அழுத்தம் 15 சதவீதமாகச் சரிந்தாலும் 300 மில்லிநொடி வரை தொடர்பு விடாமல் நிற்க வேண்டும் என்றது. உங்கள் எந்திரம் அதற்கு முன் நிறுவப்பட்டதா, பின் நிறுவப்பட்டதா என்று பாருங்கள். பின் என்றால் ஏழு முறை நின்றதற்கு அளவமைப்பிலோ குரோபார் மின்தடையிலோ காரணம் இருக்கும். முன் என்றால் அது எந்திரத்தின் பிறவிக் குணம். மாட்யூலை மாற்றினாலும் போகாது.

இனி அந்த நான்கு. விடியற்காலை என்று எழுதினீர்கள் அல்லவா, அங்கேயே விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எந்திரத்தை நிறுத்திப் பூட்டிவிட்டு ஸ்லிப் ரிங் அறையைத் திறந்து பாருங்கள். வளையத்தின் மேல் செம்பழுப்பில் மெல்லிய படலம் இருந்தால் அது நல்லது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அது உருவாகப் பல நாள் ஆகும். வளையங்களுக்கு இடையில் உள்ள இன்சுலேட்டரை விரலால் தொட்டுப் பாருங்கள். விரல் மையில் தோய்த்ததுபோல் கறுத்தால் கரித்தூள் படிந்திருக்கிறது. பகலில் காய்ந்திருக்கும் அந்தத் தூள், கேரளத்து ஈரக்காற்று கணவாய் வழியாக வரும் விடியலில் பனித்து, வளையத்திலிருந்து வளையத்துக்குப் பாதை போட்டுவிடும். பிரஷ்கள் எல்லாம் ஒரே வகைதானா, கம்பிச்சுருளின் அழுத்தம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு வகைப் பிரஷ்களைக் கலந்து போட்டால் மின்னோட்டம் ஒன்றின் வழியாகவே அதிகம் போய் மற்றது சும்மா உரசிக்கொண்டிருக்கும்; தூள் மட்டும் இரட்டிப்பாகும்.

கம்பம்_மின்னாளன் எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி கேட்பதற்குப் பொறுத்தருள வேண்டும். எங்கள் ஊருக்கு மேலே இராமக்கல்மேட்டில் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஸ்லிப் ரிங்கும் பிரஷும் இவ்வளவு தொல்லை என்றால், திறன் முழுவதையும் கன்வெர்ட்டர் வழியாகவே அனுப்பும் எந்திரத்தை எல்லோரும் வாங்கிவிடலாமே?

செங்கோட்டை_ஆசிரியை எழுதியது:

பலர் அந்தப் பக்கம் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். முழுக் கன்வெர்ட்டர் எந்திரத்தில் மின்பாதைக் கோளாறு ஜெனரேட்டரை நேராகத் தொடாது. ஆனால் 30 சதவீதத்துக்குப் பதில் 100 சதவீதத் திறனும் கன்வெர்ட்டர் வழியாகப் போவதால், அதன் விலையும் அதிலேயே ஏற்படும் இழப்பும் கூடும். நிலைகாந்தம் வைத்த வகை என்றால் அரிய மண் உலோகத்தின் விலையும் சேரும். ஏற்கெனவே நிற்கும் ஆயிரக்கணக்கான டி.எஃப்.ஐ.ஜி. எந்திரங்களை ஒழுங்காகக் கவனிப்பது இன்னும் பல ஆண்டுகளுக்கு நம் பிள்ளைகளின் பிழைப்பாக இருக்கும். ஆகவே இதைப் பழசு என்று ஒதுக்கிப் பாடம் நடத்த எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கு இன்னொன்று. அந்த நான்கு நிறுத்தங்களின்போது தண்டின் வேகம் 1500-ஐ ஒட்டி இருந்ததா என்று பதிவில் பாருங்கள். அந்த வேகத்தில் ரோட்டார் மின்னோட்டம் ஏறக்குறைய நேர்மின்னோட்டம், கன்வெர்ட்டரில் உள்ள ஒரே ஐ.ஜி.பி.டி. (மின்னணு ஸ்விட்ச்) உச்ச மின்னோட்டத்தை நெடுநேரம் தனியாகச் சுமந்து சூடேறும். அப்படி இருந்தால் மட்டுமே மாட்யூலைச் சந்தேகிக்க இடம் உண்டு.

கொழிஞ்சாம்பாறை_காற்று எழுதியது:

டீச்சருக்கும் அண்ணனுக்கும் நன்றி. நேற்றுக் காலை காற்று தணிந்திருந்ததால் மேலே ஏறினோம்.

அந்த நான்கு நிறுத்தங்களிலும் வேகம் 1650-க்கு மேல்தான் இருந்திருக்கிறது; எனவே மாட்யூல் மீதான சந்தேகம் கீழேயே தீர்ந்துவிட்டது. ஸ்லிப் ரிங் அறையின் மூடியைத் திறந்ததும் அண்ணன் சொன்ன கறுப்பு அப்படியே இருந்தது. தூளை உறிஞ்சி வெளியேற்ற வேண்டிய குழாயின் வடிகட்டி அடைத்துப்போய்ப் பல மாதம் ஆகியிருக்க வேண்டும். நடு வளையத்துக்கும் ஓரத்து வளையத்துக்கும் இடையில் மரக்கிளைபோல் ஒரு கரிக்கோடு ஓடியிருந்தது. துடைப்பதற்கு முன் மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) வைத்தபோது ரோட்டாருக்கும் தரைக்கும் இடையே 0.6 மெகாஓம் மட்டுமே காட்டியது. கிலோவோல்ட்டோடு ஒன்றைக் கூட்டிப் பார்க்கும் பழைய கணக்கின்படி, நிற்கும் நிலையில் ரோட்டார் சுமார் 2 கிலோவோல்ட் வரை காட்டக்கூடிய இந்த எந்திரத்துக்குக் குறைந்தது 3 மெகாஓம் வேண்டும். உறிஞ்சி, துடைத்து, இன்சுலேட்டரை மாற்றி, வெப்பக் காற்றில் உலர்த்திய பிறகு 85 மெகாஓம் வந்தது. பன்னிரண்டு பிரஷ்களில் மூன்று வேறு வகை. போன பருவத்தில் அவசரத்துக்குப் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றிவிட்டோம்.

தண்டைத் தரையோடு இணைக்கும் சிறிய பிரஷும் தேய்ந்து, வளையத்தைத் தொடாமல் நின்றது. பேரிங் வழியாக மின்னோட்டம் போயிருக்குமோ என்ற கவலையில் கிரீஸ் மாதிரி எடுத்து அனுப்பியிருக்கிறேன். எந்திரம் 2012-இல் நிறுவப்பட்டது. எனவே ஏழு நிறுத்தங்களுக்கான பதிலும் எனக்குக் கிடைத்துவிட்டது. மாட்யூலை மாற்ற வேண்டாம் என்று மேலே எழுதிக் கொடுத்தேன்.

கோபுரத்திலிருந்து இறங்கியதும் பையன்கள் இருவரும் தரையில் பேருந்தும் நடத்துநரும் வரைந்து, 1350 சுற்றுக்கு ரோட்டாரில் எத்தனை ஹெர்ட்ஸ் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். ஐந்து என்று சரியாகவே வந்தது.

ஆரல்வாய்_மூத்தவன் எழுதியது:

நல்ல வேலை, தம்பி. பேரிங்கை மட்டும் கிரீஸ் அறிக்கை வரும்வரை விட்டுவைக்காதீர்கள். இந்த வாரமே காது கொடுத்துக் கேளுங்கள், அதிர்வு அளவும் எடுங்கள். பேரிங்கின் வெளி வளையத்தில் துணி துவைக்கும் பலகைபோல் வரி விழுந்திருந்தால், ஆவணிக் காற்று முடியும் வரை அது தாங்காது.